சமையல் வாயுவும் கார் வாயுவும்



"சார், சி.என்.ஜி. கார் என்றால் சமையல் கேஸில் ஓடுகிற காரா?" வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி இது. இரண்டும் வேறு.

சமையல் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. மிதமான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். வேகன் ஆர் போன்ற சிறிய குடும்பக் கார்களில் நிரப்பும் சி.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஆகவே சுமார் 200 பார் அழுத்தத்தில் வாயுவாகவே அடைக்கிறார்கள். கனத்த சிலிண்டர், டிக்கியில் இடக்குறைவு, லிட்டருக்குப் பதில் கிலோ கணக்கு எல்லாம் இதனால்தான்.

மாணவர்களை மூலக்கூறு நிறைகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்: மீத்தேன் 16, புரொப்பேன் 44, பியூட்டேன் 58, காற்றின் சராசரி 29. கசிந்தால் எது மேலே போகும், எது தரையில் தங்கும் என்று அவர்களே சொல்வார்கள். மூடிய கொட்டகையில் மீத்தேனும் கூரையடியில் சேரும் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டு சிலிண்டரிலிருந்து காருக்கும் வேனுக்கும் வாயு ஏற்றுவது சட்டவிரோதம். கசியும் வாயு தரையோடு பரவும். ஒரு பொறி போதும். அத்தகைய வண்டியில் ஏறாதே என்று அறிவுரை சொல்வதோடு நிறுத்தாமல், இந்த எண்களைப் புரியவைப்போம். பிள்ளைகளே வீட்டில் எடுத்துச் சொல்வார்கள்.