மல்லாட்டைத் தோலில் நின்ற உப்பு

நெய்வேலி என்றதும் சுரங்கமும் அனல்மின் நிலையமும் நடராஜரும் உங்கள் கண்முன் வந்திருப்பார்கள். அவர்கள் இருக்கட்டும். மெயின் பஜாருக்குப் போகிற வழியில், மரநிழலில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். கல்லுப்பு போட்டு அவித்த மல்லாட்டை! வேர்க்கடலைக்கு எங்கள் கடலூர்ப் பக்கத்துப் பெயர் அது. சூட்டோடு தோலை உடைத்தால் உள்ளே ஒரு சொட்டு உப்புத்தண்ணி நிற்கும். பருப்பைத் தின்பதற்கு முன் அதை உறிஞ்சிவிடுவோம்.

அப்படி உறிஞ்சிக்கொண்டே ஒருநாள் கேட்டேன்: "கடல்ல உப்பு எங்கேர்ந்துப்பா வந்துச்சு?"

அப்பா சுரங்கத்தில் பம்ப் பார்த்தவர். "நம்ம ஊருத் தண்ணியுந்தான் கொண்டுபோவுது" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவு ருசி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துவிடும். 1957-இல் தோண்டத் தொடங்கி 1961-இல் கரியைத் தொடும்வரை பெரிய கவலையே இந்தத் தண்ணீர்தானாம். இறைத்த நீர் பரவனாற்றில் விழுந்து, பெருமாள் ஏரியைப் பார்த்து, கடலூரண்டை கடலுக்குப் போகிறது.

அப்பா சொன்னது சரி. மழை காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாக விழுகிறது. பாறையை அரித்து, நாக்குக்குத் தெரியாத அளவில் சோடியத்தையும் கால்சியத்தையும் எடுத்துக்கொள்கிறது. கடலில் வெயில் தண்ணீரை மட்டும் ஆவியாக்கித் திருப்பி அனுப்பும், உப்பு தங்கிவிடும். இப்போது லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

ஒன்று கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆறுகள் சோடியத்தைவிடக் கால்சியத்தைத்தான் அதிகம் கொண்டுபோகின்றன. அப்புறம் கடல் ஏன் சுண்ணாம்புத் தண்ணீராகவில்லை? சிப்பியும் சங்கும் பவளமும் ஓடு கட்ட அதை எடுத்துக்கொள்கின்றன! சோடியத்தைக் கேட்க அவ்வளவு ஆளில்லை. குளோரைடில் பெரும்பங்கு எரிமலைகளும் கடலடி வெந்நீர் ஊற்றுகளும் பூமியின் வயிற்றிலிருந்து கக்கியது. 1899-இல் ஜான் ஜோலி என்ற அயர்லாந்துக்காரர் இந்தச் சோடியத்தை வைத்தே கடலுக்கு 8, 9 கோடி வயது என்று கணக்குப் போட்டார். கடலடி மண்ணும் உப்புப் படுகைகளும் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது அந்தக் கணக்கில் வரவில்லை. பூமிக்கே 450 கோடிக்கு மேல் வயது.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து குழாயடியில் ஒரு வாய்த் தண்ணீரைப் பிடித்து அடக்கிக்கொண்டு, நாக்கால் துழாவித் துழாவி உப்பைத் தேடினேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "முழுங்குடா, பொறையேறப் போவுது" என்றாள்.