கடல் கடந்து செல்வோரின் வரவு செலவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கடல் கடந்து பொருள் தேடுதல் எம்மவர்க்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், மிஷன் பாடசாலைகளிற் கற்ற ஆங்கிலத்தையே முதலாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளால் இங்கே கல்வீடுகள் எழுந்தன. கோயில்கள் திருப்பணி கண்டன. போன இடத்திலும் சமயத்தை மறந்தாரில்லை. 1904ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றியது. 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் பல்லாயிரவர் அகதிகளாய்க் கனடாவை அடைந்தனர். இன்று எம்மிற் பலர் மாணவராயும் தொழிலாளராயும் அங்கே செல்ல நாட்டங் கொண்டுள்ளோம்.

போவதா, இருப்பதா என்பதை ஆராய யாம் இங்கு வரவில்லை. போக முடிவு செய்தவர் கணக்கறிந்து போகவேண்டும் என்பதே எமது பேச்சு.

எம்மிடத்தே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அங்கே மணிக்கு இத்தனை டொலர் உழைக்கிறான் என்று கேட்டவுடன் அதை ரூபாவாற் பெருக்கிப் பார்க்கிறோம். 2022ஆம் ஆண்டில் எமது ரூபா வீழ்ந்தபின் பெருக்கி வரும் தொகை மலைபோலத் தோன்றுகிறது. ஆனால் அங்கே இருப்பவன் செய்வது பெருக்கற் கணக்கன்று, கழித்தற் கணக்கு. டொலரில் உழைப்பவன் டொலரிலேயே உண்ணவும் உறங்கவும் வேண்டும் அல்லவா?

ரொறன்ரோ நகரை எடுத்துக்கொள்வோம். ஒன்ராறியோ மாகாணத்தின் ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஒக்டோபரில் மணிக்கு 17.60 டொலராயிற்று. வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்தால் மாதம் ஏறக்குறைய 3,050 டொலர். வருமான வரி, ஓய்வூதிய நிதி, வேலையின்மைக் காப்புறுதி ஆகியன அதிற் கழிந்தபின்னரே மீதி கைக்கு வரும். 2024ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கப்பட்ட சராசரி வாடகை 2,000 டொலரை மிஞ்சியிருந்தது. எனவேதான் புதிதாய்ச் செல்வோர் பிறரோடு சேர்ந்து நிலக்கீழ் அறைகளில் வசிக்கின்றனர்.

மாணவர் நிலை இன்னும் இறுக்கமானது. படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்கென ஒருவர் காட்டவேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 டொலராய் இருந்து, 2024இல் 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. கைமாற்றாய் வாங்கி வங்கியிற் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்போம் என எண்ணுவோர், அந்தத் தொகை காட்சிக்கன்று, சாப்பாட்டுக்கு என்பதை உணரவேண்டும். கல்வி நடைபெறும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவும் முடியாது என்பது 2024 நவம்பரில் வந்த விதி.

வாடகைக்கு வீடு எடுக்கும்போது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கையில் இருக்கவேண்டும். சேதத்துக்கெனத் தனியே பிணைப்பணம் கேட்க அம்மாகாணச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வசிப்பவருக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தெரிந்தவர் வீடுதானே என்று வாய்ப்பேச்சை நம்பாமல், கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குதல் நன்று.

கடையில் எழுதியிருக்கும் விலையும் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. பெரும்பாலான பொருள்களுக்கு 13 வீத வரி பின்னர் சேரும். அரிசி, பால், மரக்கறி ஆகியவற்றுக்கு அவ்வரி இல்லை. ஆகவே சமைக்கத் தெரிந்தவன் பிழைப்பான். அம்மாவின் கைச்சோற்றையே நம்பி வளர்ந்த எம் ஆண்பிள்ளைகள் புறப்படுமுன் சோறும் பருப்புக்கறியும் ஆக்கப் பழகுவது பயனுள்ள பயணச் சாமான் ஆகும். மிளகாய்த்தூளைச் சுமந்து செல்லத் தேவையில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்க் கடைகள் உண்டு. இங்குள்ள சோறு வடிக்கும் மின்சட்டியும் அங்கே உதவாது. எமது மின்சாரம் 230 வோல்ற்று, அவர்களது 120. கொழும்பில் வாங்கும் மெல்லிய கம்பளிச் சட்டை அந்தக் குளிருக்குப் போதாது. அதற்கான காசை வைத்திருந்து, அங்கேயே தகுந்த மேலங்கியும் சப்பாத்தும் வாங்கவேண்டும். வளர்ந்தோரின் சாதாரண பல் வைத்தியத்தையும் மூக்குக்கண்ணாடியையும் மாகாண வைத்தியக் காப்புறுதி ஏற்பதில்லை. அவற்றை இங்கேயே முடித்துச் செல்வது சிக்கனம்.

போய் இறங்கியதும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணைப் பெறவேண்டும், அதற்குக் கட்டணமில்லை. பெற்றுத் தருவேன் என்று காசு கேட்பவரை நம்பற்க.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். எம்மிற் பலரின் பயணம் காணியை ஈடு வைத்தும், தாயின் தாலிக்கொடியை அடகு வைத்தும் ஆரம்பமாகிறது. வட்டி முதல் மாதமே ஓடத் தொடங்கிவிடும். உழைப்போ அவ்வாறு உடனே தொடங்குவதில்லை. மலாயா சென்ற பாட்டன்மாரிற் பலருக்கு அரசாங்கச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் இருந்தன. இன்று செல்பவனுக்கு வேலை காத்திருக்கவில்லை. அயல்வீட்டுப் பிள்ளை அனுப்புகிறானே என்ற சொல் தொலைபேசியிற் கேட்டால், அவன் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்து அனுப்புவான். ‘சுகமாய் இருக்கிறேன்’ என்றும் சொல்வான். ஆகையால் புறப்படுமுன்னரே பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாயிருந்து, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, முதல் ஓராண்டுக்கு என்ன அனுப்ப இயலும் என்பதைக் கடுதாசியில் எழுதிக்கொள்ளவேண்டும். அக்கணக்கு காணிக்கு ஆபத்தைக் காட்டுமாயின், பயணத்தைப் பின்போடுவதில் மானக்கேடு எதுவுமில்லை.

செல்வோரும் மெய்யே பேசவேண்டும். கடன்பட்டு எடுத்த காரின் முன் நின்று படம் அனுப்பினால், அதைப் பார்த்து இங்கே இன்னொரு தாய் காணியை ஈடு வைப்பாள்.

எமது சங்கம் விடுமுறைக் காலத்தில் இதற்கென ஒரு சிறு வகுப்பு நடத்தலாம் என்பது எமது பணிவான கருத்து. படிவம் நிரப்பவும், வரவு செலவு எழுதவும், சமைக்கவும் அங்கே பழகலாம். சென்று மீண்டோர் வந்து உள்ளதைச் சொல்லலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எம்மவர் பழமொழி. கடலைக் கடப்பவர் அளக்காமல் இருக்கலாமா?