அருவியின் பின்னே கிடைத்த கருவி

1976ஆம் ஆண்டின் முற்பகுதியில், கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மூன்று இளைஞர் கூடினர். கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன், நீல் பியர்ட் என்னும் அம்மூவரும் 'றஷ்' என்ற றொக் இசைக்குழுவினர். முந்திய ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு எதிர்பார்த்த அளவு விலைபோகவில்லை. நெடுங்கதைப் பாடல்களைக் கைவிட்டு, வானொலிக்கு ஏற்ற சிறு பாடல்களைத் தருமாறு இசைத்தட்டு நிறுவனத்தார் வற்புறுத்தினர். இணங்காவிடின் ஒப்பந்தமே பறிபோகலாம் என்ற அச்சம் இருந்தது. ஆயினும், தோற்பதாயின் தம் வழியிலேயே தோற்பது எனத் துணிந்தனர். அத்துணிவின் பயனே '2112' என்னும் இசைத்தட்டு.

தட்டின் முதற்பக்கம் முழுவதும் ஒரே கற்பனைக் கதை. ஏழு பகுதிகளாக, 20 நிமிடங்களுக்குச் சற்று மேலாக அது நிகழ்கின்றது. கி.பி. 2112இல் மக்களைச் சிரிங்ஸ் ஆலயங்களின் பூசகர் ஆளுகின்றனர். எதைப் படிக்கலாம், எதைப் பாடலாம் என்று விதிப்போர் அவர்களே. அங்கு வாழும் இளைஞன் ஒருவன், அருவியின் பின்னுள்ள குகையில் பழைய கிற்றார் ஒன்றைக் கண்டெடுக்கின்றான்.

இவ்விடத்தில் லைஃப்சனின் வாசிப்பு ஊன்றிக் கேட்கத்தக்கது. நீரோசையினூடே சுருதி சேராத தந்திகள் தடுமாறி ஒலிக்கின்றன, மெல்ல இசைவுறுகின்றன, பின்னர் தனித்த ஒலிகள் கூடி இசையாகின்றன. கருவியை அறியாதவன் அதனை அறிந்துகொள்ளும் காட்சி, சொல் பிறக்குமுன்னரே செவிக்குப் புலனாகின்றது.

இளைஞன் தன் புதுமையைப் பூசகரிடம் மகிழ்வுடன் காட்டுகின்றான். லீயின் தணிந்த குரல் அவன் வேண்டுகோளாகின்றது. அவரது உச்சக்குரலே பூசகரின் அதட்டலாகவும் மாறுகின்றது. பயனற்றதென்று அவர்கள் கருவியை நொறுக்கிவிட, மனமுடைந்த அவன் உயிரை மாய்த்துக்கொள்கின்றான். இறுதியில் விண்ணிலிருந்து வேறொரு படை வந்து ஆட்சியைக் கைப்பற்றுகின்றது. வந்தவர் மீட்பரா, மற்றுமொரு கொடுங்கோலரா என்பதைக் கதை தெளிவாகக் கூறவில்லை.

பாடல்களை எழுதிய பியர்ட், அயன் ராண்ட் 1938இல் வெளியிட்ட 'கீதம்' என்னும் நூலுக்கும் தம் கதைக்குமுள்ள ஒற்றுமையை உணர்ந்து, தட்டின் உறையில் அவ்வெழுத்தாளரைப் பாராட்டியிருந்தார். அதனைப் பிடித்துக்கொண்டு 1978இல் பிரித்தானிய இதழொன்று, இக்குழுவினர் பாசிச மனப்போக்கினர் எனத் தோன்றுமாறு எழுதியது. லீயின் பெற்றோரோ நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்கள். அவர் வீட்டில் கொடுங்கோன்மை என்பது ஏட்டில் படித்த செய்தியன்று. அப்பழி அவரைப் பெரிதும் புண்படுத்தியதில் வியப்பில்லை.

கதையில் கருவி நொறுங்கியது. வாழ்விலோ அது நிலைத்தது. இத்தட்டு அமெரிக்காவில் 30 இலட்சம் பிரதிகளுக்கான சான்றினைப் பெற்றது. அதனினும் பெரும் பேறு, தம் இசையைத் தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் அம்மூவருக்கும் கிட்டியமையாகும். பியர்ட் 2020ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். பூசகர் வேண்டாமென்று மிதித்த அந்த ஒலியை மக்கள் இன்றும் விரும்பிக் கேட்கின்றனர்.