ஊருக்கு வரும் பெருந்தொழிலும் நமது கல்வியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பயனைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். வேலை பெறுவது ஒன்றே கல்வியின் பயன் அன்று. நம் ஊரைப் பற்றிப் பிறர் எடுக்கும் முடிவுகளைப் படித்துணர்ந்து கேள்வி கேட்பதும் அதன் பயனே. நம் மாவட்டத்துக் கூடங்குளமே இதற்குச் சான்று.

1988 நவம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத்துத் தலைவர் கோர்பச்சேவும் உடன்படிக்கை செய்தனர். சோவியத்துக் கடனுதவியாலும் தொழில்நுட்பத்தாலும் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இங்கே அமைவது என்று முடிவாயிற்று. செர்னோபில் விபத்து நிகழ்ந்து அப்போது மூன்றாண்டுகூட ஆகவில்லை. பேச்சிப்பாறை அணையின் நீரைக் கொண்டுவர முதலில் எண்ணினர். 1989 மே முதல் நாள், தண்ணீரையும் உயிரையும் காக்க வேண்டுமென்று மீனவ மக்கள் கன்னியாகுமரியில் பெருந்திரளாகக் கூடினர். அப்பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

பின்னர் சோவியத்து நாடே சிதறிற்று. 1998இல் ரஷ்யாவுடன் துணை உடன்படிக்கை ஏற்பட்டது. 2002இல் கட்டுமானம் தொடங்கியது. 2013இல் முதல் உலை மின்சாரம் தந்தது. அணை நீருக்குப் பதிலாகக் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. ஆனால், பயன்படுத்திய எரிபொருளைச் சோவியத்து நாடே திரும்பப் பெறும் என்ற பழைய ஏற்பாடு மாறி, அது இங்கேயே தங்கலாயிற்று.

இவ்விரு உலைகளுக்கும் 1989இல் சுற்றுச்சூழல் இசைவு தரப்பட்டபோது, மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதியே இல்லை. அது 1997இல்தான் வந்தது. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரையில் போராட்டம் வலுத்தது. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். 2013 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க இசைந்து, 15 கட்டளைகளையும் விதித்தது.

நான் மின்சாரத்தின் பகைவன் அல்லன். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. 1927இல் மகாத் குளத்தில் நீர் மொள்ளும் உரிமைக்காக நின்றவரும் அவரே. ஆகவே நமக்கு மின்சாரமும் வேண்டும். நீரின்மேல் உரிமையும் வேண்டும். பயன் ஒருவருக்கு, சுமை வேறொருவருக்கு என்பதுதான் கூடாது.

ஓர் ஆலைக்காக நிலம் எடுக்கப்பட்ட ஊரைச் சேர்ந்த முதியவர் என்னிடம், "ஐயா, நிலத்துக்காரருக்குப் பணம் வந்தது. நாற்பது வருசம் அதில் களை எடுத்த எனக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். நான் விடையின்றி நின்றேன். கடலுக்குப் பட்டா இல்லை. கூலி உழைப்புக்கும் பட்டா இல்லை. 1894ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நிலத்தில் உரிமையுடையவரையே கருதிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, மூன்றாண்டுகளாக அந்நிலப் பகுதியில் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தாராகச் சேர்த்தது. நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிவோம்?

அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின ஏழை மக்கள் மிகுந்த வாரன் மாவட்டத்தில், நச்சு கலந்த மண்ணைப் புதைக்க 1982இல் அரசு முனைந்தது. மக்கள் சாலையில் படுத்து மறித்தனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். மண் புதைக்கப்பட்டது, எனினும் குப்பை ஏன் எப்போதும் ஏழையின் வாயிலுக்கே வருகிறது என்ற கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கிற்று. அதற்குச் சுற்றுச்சூழல் நீதி என்று பெயர்.

இளைஞர்களே! நீங்கள் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பு வந்தால், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைப் பெற்றுத் தெருவில் உரக்கப் படியுங்கள். இரண்டு, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று, கூலி வேலை செய்யும் நம் பெற்றோரின் பெயர்களையும், அவர்கள் உழைத்த நிலத்தையும், ஆண்டுகளையும் ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

நம் முன்னோர் கைநாட்டு வைத்த தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்கள் அறிந்ததில்லை. நாம் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவோம். அதற்காகவே இச்சங்கம் பிறந்தது.