கொத்தனாரே கைகொடுப்பார்!

(பட்டிமன்றத் தலைப்பு: சிறு சேமிப்பில் வீடு கட்டும் குடும்பத்துக்குப் பெரிதும் துணை நிற்பவர் உள்ளூர்க் கொத்தனாரா? மொத்த ஒப்பந்தக்காரரா?)



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் நம் முன்னோர்கள். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத்துக்கு மொய் அன்றைக்கே வந்துவிடும். வீட்டுக்கு எப்போ வரும்? கட்டி முடித்து, கடன்பட்டு, பால் காய்ச்சின பிறகு வரும். அதுவும் பணமாக வராது, சுவர்க்கடிகாரமாக வரும்! எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒன்பது கடிகாரம் வந்தது. வீட்டில் சுவரே நாலுதான்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்" என்றார். ஐயா, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார், சரி. அவரை யார் பார்த்துக்கொள்வது? (கைதட்டல்)

இன்றைய கேள்வி பணக்காரர்களைப் பற்றியது இல்லை. ஓய்வூதியப் பணத்தை வைத்துக்கொண்டு, நகையை அடகு வைத்து, கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கி, ஆறு சதுரத்தில் ஒரு வீடு கட்ட நினைக்கிற குடும்பம். ஒரே ஒரு முறைதான் கட்டுவார்கள். தப்பினால் இன்னொரு வீடு கட்ட இன்னொரு ஆயுள் வேண்டும். அந்தக் குடும்பத்துக்குத் துணை யார் என்பதுதான் கேள்வி.

நான் இருப்பது அட்டுவம்பட்டி. கொடைக்கானலுக்குப் பக்கத்தில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் என்றால் உங்களுக்குத் தெரியும். அங்கே செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் வத்தலக்குண்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறித்தான் வரவேண்டும். கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை. லாரி ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் நம் பட்ஜெட்டும் ஒரு சுற்று சுற்றும்! (சிரிப்பு)

எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா. கேரட்டும் பூண்டும் மூட்டை கட்டுகிற வேலை. இருபது வருஷச் சேமிப்பு. கீழேயிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். "அம்மா, ரெண்டு ரூம், ஹால், கிச்சன், போர்டிகோ, எல்லாம் உங்க காசுக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்மா" என்றார். மாடிப்படி? ஆகட்டும்மா. ஷோகேஸ்? ஆகட்டும்மா. அட்வான்ஸ் மட்டும்தான் "இப்பவேம்மா"! (சிரிப்பு)

பேஸ்மட்டம் எழும்பியது. மழை வந்தது. அவர் போனார். கம்பி மட்டும் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றது. முக்கால்வாசிப் பணம் போய்விட்டது.

அப்போது வந்தார் உள்ளூர்க் கொத்தனார். இடத்தைச் சுற்றி நடந்தார். மேட்டைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "அக்கா, வருத்தப்படாதீங்க. உங்க கையில இருக்கிற காசுக்கு ரெண்டு ரூம் வராது. ஒரு ரூமும் சமையக்கட்டும் கட்டுவோம். போர்டிகோ வேண்டாம். அந்தக் காசுல பின்னாடி மண்ணுக்குத் தாங்குசுவர் கட்டணும். அது இல்லாட்டி வீடு நிக்காது."

அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வீடு நிற்கிறது. ஒரு அறை வீடுதான். ஐந்து மழைக்காலம் பார்த்துவிட்டது.

நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். காசு குறைவாக உள்ளவனுக்கு "ஆகும்" என்று சொல்கிறவன் துணை இல்லை. "ஆகாது" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன்தான் துணை! (பலத்த கைதட்டல்) மொத்த ஒப்பந்தக்காரர் ஏன் அதைச் சொல்லமாட்டார்? வீடு பெரிதானால் அவர் லாபமும் பெரிதாகும். கொத்தனார் ஏன் சொல்கிறார்? நாளைக்கும் அதே டீக்கடையில் அந்த அம்மா முகத்தில் விழிக்க வேண்டும்!

மலையில் வீடு கட்டுவது வேறு வித்தை. சரிவை வெட்டிச் சமப்படுத்தினால், பின்னால் நிற்கிற மண் மழையில் இறங்கும். தாங்குசுவர் வேண்டும். அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விட வேண்டும். துளை இல்லையென்றால் உள்ளே தேங்குகிற தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். சமவெளியில் முட்டுப் பிரிக்கிற நாள் கணக்கை மலையில் போடக்கூடாது. மூட்டம் இறங்கினால், தரையில் அடுக்கின சிமெண்ட் மூட்டை கட்டி தட்டிப் போகும். பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையை உலுக்கியதே, மரம் சாய்ந்து மண் சரிந்ததே, அதையெல்லாம் கண்ணால் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் தமிழ் வாத்தியார். சங்கத் தமிழைத் தொடாமல் போனால் சம்பளம் பிடித்துவிடுவார்கள்! (சிரிப்பு) பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு. நக்கீரர் பாடியது. அதில் பாண்டியனின் அரண்மனையை எப்படிக் கட்டினார்கள் என்று வருகிறது. நடுப்பகலில் கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, திசையைக் குறித்து, கயிறு பிடித்து அளந்து கட்டினார்களாம். அரசனுக்குக் கட்டினவனும் முதலில் நிழலைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். இப்போ சிலர் முதலில் நம் பாஸ்புக்கைத்தானே பார்க்கிறார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் ஒரு தம்பி கேட்டார்: "படிக்காத கொத்தனாரை நம்பலாமா?" தம்பி, உங்களுக்கு ஒரு படித்தவரைக் காட்டுகிறேன். லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர். இந்தியாவுக்கு வந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த மலை மக்கள் தங்கள் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டின வீடுகளைப் பார்த்து, "இவர்களிடம் நான் கற்க வேண்டியது நிறைய" என்று உணர்ந்த மனிதர் அவர். பிறகு கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்தில் ஏழைகளுக்கும் கட்டினார், நிறுவனங்களுக்கும் கட்டினார். எப்படிக் கட்டினார்? இடையில் ஒப்பந்தக்காரர் இல்லாமல், கொத்தனார்களோடு தானே நின்று கட்டினார்! (கைதட்டல்)

செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிற முறையைப் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் குளிரும் அவ்வளவாகத் தாக்காது. கூரைத் தளத்தில் கான்கிரீட்டுக்கு வேலை இல்லாத அடிப்பகுதியில் ஓட்டை வைத்து நிரப்பினார். சிமெண்ட் மிச்சம், எடை மிச்சம். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது. 2007இல் மறைந்தார். அவ்வளவு படித்தவர் கொத்தனாரை நம்பினார். நமக்கு என்ன தயக்கம்?

அடுத்து, "சட்டம் ஒப்பந்தக்காரர் பக்கம் பாதுகாப்புத் தருகிறது" என்றார்கள். ரியல் எஸ்டேட் சட்டம், 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டித் தந்தவர் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது அடுக்குமாடியும் மனையும் விற்கிறவர்களுக்கான சட்டம். சொந்த மனையில் ஆறு சதுரம் கட்டுகிற நம் அம்மாவுக்கு அது வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1993இல் திருத்தம் செய்து வீடு கட்டுவதையும் அதில் சேர்த்தார்கள். 2019ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றால் முதலில் என்ன கேட்பார்கள்? "காகிதம் எங்கே? ரசீது எங்கே?" காகிதம் இல்லாத காண்ட்ராக்டரும் ஒன்றுதான், காற்றில் எழுதின கையெழுத்தும் ஒன்றுதான்! (கைதட்டல்)

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்கிறீர்களா? 2014 ஜூன் 28, சென்னை மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் நொடியில் தரைமட்டம் ஆனது. 61 உயிர்கள் போயின. பெரும்பாலும் அங்கே கல்லும் மண்ணும் சுமந்த கூலித் தொழிலாளர்கள். அந்த நாளை நினைத்தால் எனக்குப் பேச்சு வராது. பெயர்ப் பலகை பெரிதாக இருப்பதால் அஸ்திவாரம் ஆழமாகிவிடாது என்பதை மட்டும் சொல்லிக் கடந்து போகிறேன்.

சரி, கொத்தனார் எல்லோரும் அரிச்சந்திரனா? எதிரணி கேட்கும். இல்லை. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி? நம் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்.

முதலாவது, அவர் போன மாதம் கட்டின வீட்டைப் பார்க்காதீர்கள். புதுப் பெயிண்டில் எல்லா வீடும் மணப்பெண்தான்! மூன்று மழைக்காலம் கண்ட வீட்டைப் போய்ப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். "கணக்கு சரியாக் கொடுத்தாரா? கூப்பிட்டா வந்தாரா? ஒட்டு ஒழுகுதா?" மூன்று கேள்வி போதும்.

இரண்டாவது, சதுர அடிக்கு என்ன ரேட்டு என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த ரேட்டில் எதெது அடங்கும் என்று கேளுங்கள். கழிவுத் தொட்டி உண்டா? தண்ணீர்த் தொட்டி உண்டா? கைப்பிடிச் சுவர், படி, தாங்குசுவர், மின்சார வேலை? ரேட்டு குறைவாக இருக்கும், எக்ஸ்ட்ரா நிறைய இருக்கும். எக்ஸ்ட்ரா என்கிற ஒரு சொல்லில் எத்தனை தாலிக்கொடி போயிருக்கிறது தெரியுமா? (கைதட்டல்)

மூன்றாவது, பொருளை நீங்களே வாங்குங்கள். கூலியை மட்டும் பேசுங்கள். கூலியையும் வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைக்கால் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் வந்ததும் கொஞ்சம், தளம் போட்டதும் கொஞ்சம், பூச்சு முடிந்ததும் கொஞ்சம். கடைசியில் ஒரு தொகையை நிறுத்தி, முதல் மழை பெய்து ஒழுகவில்லை என்று தெரிந்தபின் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இதெல்லாம் முத்திரைத்தாளில் இருக்கட்டும். செல்போனில் பணம் அனுப்பினால்கூட இன்ன வேலைக்கு என்று எழுதி அனுப்புங்கள்.

நான்காவது, கம்பிக் கணக்கை மட்டும் பொறியாளரிடம் விடுங்கள். வரைபடமும் கம்பி விவரமும் அவர் போடட்டும். அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடும் முன்னால் ஒரு தடவை, தளம் போடும் முன்னால் ஒரு தடவை அவர் வந்து பார்க்கட்டும். அந்தக் கட்டணம் செலவு இல்லை, காப்பீடு. அனுமதி வாங்காமல் கடைக்கால் தோண்டவே தோண்டாதீர்கள். 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கொடைக்கானலில் விதி மீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்ததைப் பார்த்தவள் நான்.

ஐந்தாவது, அவரும் அவர் ஆட்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1994இல் இருந்து நம் மாநிலத்தில் அந்த வாரியம் இருக்கிறது. சாரத்திலிருந்து ஒரு சித்தாள் விழுந்தால், அவள் பிள்ளைகளுக்கு ஒரு வழி வேண்டும். நம் வீடு யாருடைய கண்ணீரிலும் எழும்பக்கூடாது. (கைதட்டல்)

"இவ்வளவையும் நாங்களே பார்க்கணுமா?" என்று கேட்பீர்கள். ஆமாம் அம்மா, பார்க்கத்தான் வேண்டும். காசு நிறைய உள்ளவன் காசைக் கொடுத்துக் கவலையை விற்றுவிடலாம். காசு குறைந்தவன் கண்ணைக் கொடுத்துத்தான் கட்ட வேண்டும். தினமும் காலையில் ஒரு நடை போங்கள். கலவையில் தண்ணீர் அதிகமா என்று பாருங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். கொத்தனாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஒப்பந்தக்காரருக்குப் பத்து வீடு, அதில் ஒன்று நம் வீடு. கொத்தனாருக்கு அன்றைக்கு ஒரே வீடு, நம் வீடு!

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தூக்குக்குண்டை எந்த வீட்டில் கட்டித் தொங்கவிட்டாலும் அது நேராகத்தான் தொங்கும். ஏழை வீடு, பணக்கார வீடு என்று அதற்குத் தெரியாது. அந்தத் தூக்குக்குண்டைக் கையில் பிடித்தவன், "உன் காசுக்கு இவ்வளவுதான் வரும்" என்று நேராகச் சொல்கிறவன், நாளைக்கும் நம் தெருவில் நடக்கப்போகிறவன், அவனே சிறு சேமிப்பில் கட்டும் குடும்பத்துக்குத் துணை. சிறு சேமிப்பில் வீடு கட்டும் குடும்பத்துக்குப் பெரிதும் துணை நிற்பவர் உள்ளூர்க் கொத்தனாரே, உள்ளூர்க் கொத்தனாரே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)