கறை நீங்காப் பொம்மை

கலூரிலும் பிற ஊர்களிலும் குடியேறி வாழும் நம்மவர் வைக்கும் நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சிக்குத் தனியிடம் உண்டு. செம்மரத்தில் கடைந்த கருஞ்செந்நிற உருவம் அது. முகத்தில் தேர்ந்த வேலைப்பாடு இராது. பட்டுத் துணி சுற்றி அழகு செய்வது சிறுமியின் வேலை. ஆணும் பெண்ணும் இணையாகவே நிற்பதால், மணவாழ்வே பெண்வாழ்வு என்றும் அது கற்பித்தது. அதையும் மறைக்க வேண்டுவதில்லை.

கடைப் பொம்மையோ வெண்ணிறமும் கொடியிடையுமாக, அழகு முற்றுப்பெற்றே வருகிறது. அமெரிக்காவில் 1959-இல் தோன்றிய பார்பிக்கு, சற்றுப் பருத்த உடலும் உண்டு என்றானது 2016-இல்தான். அந்நாட்டு உளவியலாளர் கென்னத் கிளார்க்கும் அவர்தம் மனைவி மேமியும் 1940-களில் கறுப்பினக் குழந்தைகளிடம் இருநிறப் பொம்மைகளைக் காட்டி, நல்ல பொம்மை எது என வினவினர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். நம் வீட்டுச் சிறுமியரை அவ்வாறு வினவ நமக்குத் துணிவு உண்டா?

கலூருக்கு வடக்கேயுள்ள சேந்தமங்கலத்தில், 2018 ஓணத்திற்கென நெய்து வைத்த கைத்தறித் துணிகள் வெள்ளச் சேற்றில் ஊறின. எரிக்க இருந்த அத்துணிகளைத் தூய்மை செய்து, தன்னார்வலர் சிறு பொம்மைகள் ஆக்கினர். சேற்றிற் பிறந்தமையால் பெயர் சேக்குட்டி. விற்ற பணம் நெசவாளரைச் சேர்ந்தது. துணியின் கறையை எவரும் மறைக்கவில்லை.

அடுத்த கொலுவில் மரப்பாச்சியின் அருகே சேக்குட்டி ஒன்றையும் வைப்போம். இதை ஏன் கழுவவில்லை என்று சிறுமி கேட்பாள். கழுவினார்கள், கறை போகவில்லை என்று கூறி, வெள்ளத்தின் கதையைத் தொடங்கலாம்.