மார்புத் தசையின் பெறுமதி

தலைக்கு மேலே உள்ள பரணிலிருந்து ஒரு பானையை இறக்குவது வீடுகளில் நாள்தோறும் நிகழும் செயல். அதனைச் செய்பவர் தம் கையை உயர்த்தியதாக மட்டுமே எண்ணுவார். உண்மையில் அக்கணத்திலே தோள், முதுகு, மார்பு, மேற்கை ஆகிய இடங்களிலுள்ள பத்துக்கு மேற்பட்ட தசைகள் ஒன்றோடொன்று இசைந்து தொழிற்படுகின்றன. அவற்றுள் ஒன்று குன்றினாலும் அந்த இசைவு குலைந்துவிடும்.

மனித உடலின் மூட்டுகளுள் மிகுந்த அசைவுடையது தோள்மூட்டு. மேற்கை என்பின் உருண்டைத் தலை, தோட்பட்டை என்பிலுள்ள ஆழமற்ற குழியொன்றில் பொருந்தியிருக்கிறது. இடுப்பிலே தொடையென்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்தினுள் அமர்ந்திருப்பது போன்ற உறுதி இங்கே இல்லை. ஆகவே தோளை நிலைநிறுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி தசைகளைச் சார்ந்தது. தோட்பட்டையிலிருந்து புறப்படும் நான்கு சிறு தசைகள் மூட்டைச் சூழப் பற்றி, உருண்டைத் தலையைக் குழியிலே நிறுத்துகின்றன. அவற்றின் மேல், தோளுக்குத் திரட்சியான வடிவைத் தரும் முக்கோணத் தசை போர்த்திருக்கிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் முதன்மையான வலு அதனுடையது.

எனினும், முக்கோணத் தசை மட்டும் கையைத் தலைக்கு மேல் கொண்டுசெல்ல இயலாது. கை முழுமையாக உயரும்போது ஏறத்தாழ 180 பாகை திரும்புகிறது. இதில் 120 பாகையளவே தோள்மூட்டில் நிகழ்வது. எஞ்சிய 60 பாகைக்குத் தோட்பட்டையே மார்புக்கூட்டின்மேல் வழுக்கிச் சுழலவேண்டும். இச்சுழற்சியிற் பெரும்பங்கு கொள்ளும் தசை, மேல் விலாவென்புகள் எட்டு அல்லது ஒன்பதிலிருந்து வாளின் பற்கள்போலப் பிரிந்தெழுந்து தோட்பட்டையின் உள்விளிம்பைப் பற்றுகிறது. அதற்குச் செல்லும் நீண்ட நரம்பு பழுதுற்றால், சுவரைத் தள்ளும்போது தோட்பட்டை சிறகுபோலப் புடைத்து நிற்கும். தோளுயரத்துக்கு மேல் கையை எடுப்பதும் அரிதாகும்.

மேற்கையின் முன்புறத்து இருதலைத் தசை முழங்கையை மடக்குகிறது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் உதவுகிறது. பின்புறத்து முத்தலைத் தசை முழங்கையை நீட்டுகிறது.

இனி மார்புக்கு வரலாம். நேயர் ஒருவர் இரு உள்ளங்கைகளையும் நெஞ்சின் முன்னே சேர்த்து வலிந்து அழுத்துவாராயின், அக்குளின் முன்வரம்பு இறுகுவதை உணர்வார். அதுவே பெரு மார்புத் தசை. காறையென்பு, நெஞ்சென்பு, மேல் விலாக்களின் கசியிழையம் ஆகியவற்றிலிருந்து விசிறிபோல் புறப்பட்டு, மேற்கை என்பிலே குவிந்து முடிகிறது. குழந்தையை அணைப்பதும், கோடரியை ஓங்கி இறக்குவதும், கயிற்றைப் பற்றி ஏறுவதும் அதன் வலுவால் நிகழ்வன. அதன் அடியில், மூன்றாம், நான்காம், ஐந்தாம் விலாக்களிலிருந்து தோட்பட்டைக்குச் செல்லும் சிறு மார்புத் தசை மறைந்து கிடக்கிறது.

இவ்விரு தசைகளும் ஒரு காலத்தில் எண்ணற்ற பெண்களின் உடலிலிருந்து அகற்றப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் சத்திர வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகப் புற்றுநோய்க்குத் தாம் வகுத்த சிகிச்சையை 1894ஆம் ஆண்டில் வெளியிட்டார். புற்று தோன்றிய இடத்திலிருந்து படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது என்பது அக்காலக் கொள்கை. ஆகையால் அவர் மார்பகத்தோடு அக்குளின் நிணநீர்க் கணுக்களையும், பெரு மார்புத் தசையையும், பின்னர் சிறு மார்புத் தசையையும் சேர்த்து அகற்றினார். அவரிடம் வந்தோர் பலர் நோய் மிக முற்றியவர்கள். சத்திர சிகிச்சை செய்த இடத்திலேயே புற்று மீளத் தோன்றுவது அவர் முறையால் பெரிதும் குறைந்தது. எனவே அம்முறை உலகெங்கும் பரவி, எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்றது.

அதற்குப் பெண்கள் கொடுத்த விலை பெரிது. காறையென்பின் கீழே குழி விழுந்தது. தோலின் அடியில் விலாக்கள் தெரிந்தன. அணைக்கவும் தள்ளவும் வேண்டிய வலு குன்றியது. இறுகிய தழும்பு கையை உயரவிடாது தடுத்தது. நிணநீர் வடியும் வழிகள் அறுபட்டமையால் பலருக்குக் கை வீங்கியது. இவ்வீக்கத்தைப் பற்றி ஹால்ஸ்டெட் தாமே 1921ஆம் ஆண்டில் எழுதினார்.

தசையை அகற்றத்தான் வேண்டுமா என்ற வினா மெல்ல எழுந்தது. லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் டேவிட் பேட்டி, பெரு மார்புத் தசையை விட்டுவைத்துச் சிகிச்சை செய்து, 1948ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை வெளியிட்டார். எனினும் ஒருவர் அனுபவம் மற்றொருவர் அனுபவத்தை வெல்வது எளிதன்று. இரு முறைகளையும் நேர்மையாக ஒப்பிடுவதொன்றே முடிவு தரக்கூடியது. அமெரிக்கச் சத்திர வைத்தியர் பெர்னாட் ஃபிஷரும் அவர்தம் குழுவினரும் 1971ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். ஹால்ஸ்டெட் முறையும், தசைகளை விட்டு மார்பகத்தை மட்டும் அகற்றும் முறையும் ஒப்புநோக்கப்பட்டன. எவருக்கு எந்த முறை என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானிக்காதபடி சீட்டுக் குலுக்குவதுபோன்ற ஏற்பாடு செய்யப்பட்டது. ஏறத்தாழ 1,650 பெண்கள் இதிற் பங்குகொண்டனர். இருபத்தைந்து ஆண்டு கால முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. தசையை இழந்தோர், இழவாதோரைக் காட்டிலும் நீண்ட காலம் வாழவில்லை.

இன்று புற்று தசையினுள்ளேயே ஊடுருவிய அரிய நிலையிலன்றி மார்புத் தசைகள் அகற்றப்படுவதில்லை. மார்பகம் முழுவதையும் நீக்காமலே சிகிச்சை பெறுவோரும் பலர். அக்குளில் கத்தி செல்ல நேரும்போதும், தோட்பட்டையைச் சுழற்றும் தசையின் நரம்பைச் சத்திர வைத்தியர் தேடிக் கண்டு காக்கிறார்.

காக்கப்பட்ட தசை, பயன்படுத்தப்பட்டால்தான் பயன் தரும். சிகிச்சைக்குப் பின் வலிக்கு அஞ்சிக் கையை மார்போடு அணைத்தே வைத்திருப்பவரின் தோள் இறுகிப்போகும். வைத்தியர் அனுமதித்த நாளிலிருந்து, சுவரின் முன் நின்று விரல்களைச் சிறிது சிறிதாக மேலே நகர்த்தும் எளிய பயிற்சியே பெரும் துணையாகும். நேற்றுத் தொட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே இன்று தொட்டால், அது முன்னேற்றம்.

கட்டியொன்றைக் கண்டும் காலந்தாழ்த்தும் பெண்களுள், கை செயலிழந்துவிடும் என்று அஞ்சி வைத்தியரை நாடாதோரும் உண்டு. அந்த அச்சம் பழைய காலத்துச் சத்திர சிகிச்சையிலே பிறந்தது. அக்காலம் கடந்துவிட்டது. வேளையோடு வைத்தியரை நாடும் பெண், பரணிலுள்ள பானையை மீண்டும் தம் கையாலேயே இறக்கலாம் என்று நம்ப இடமுண்டு.